படகுக்கு ஏற்ற ஏரியல்: உள்ளேயா, வெளியேயா?

கிங்ஸ் சர்க்கிளில் நெடுங்காலமாக வாழ்ந்து வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஏரியல் என்னும் சொல் புதிதன்று. நம் தந்தையார் காலத்தில் வானொலிப் பெட்டியின் பின்புறத்திலிருந்து ஒரு செப்புக் கம்பி புறப்பட்டு, ஜன்னல் வழியே வெளியேறி, மொட்டை மாடியில் இரண்டு மூங்கில்களுக்கிடையே போய் முடியும். கம்பி வெளியே இருந்தால்தான் இரவு வேளையில் தொலைவிலுள்ள தமிழ் நிலையம் சற்றேனும் தெளிவாகக் கேட்கும். பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. அதன் ஏரியல் பெட்டிக்குள்ளேயே அடங்கியிருந்தது. உள்ளூர் நிலையத்துக்கு அது தாராளமாகப் போதும். தமிழ் நிலையத்துக்கோ பெட்டியை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திசை திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் மாடிக் கம்பி அறுந்து விழும்போதெல்லாம், உள்ளடங்கிய ஏரியலே மேல் என்று ஒரு கட்சியும், கம்பியை மறுபடி கட்டுவதே மேல் என்று மற்றொரு கட்சியும் வீட்டில் உண்டாகும். அந்தப் பழைய வழக்கு, அண்மையில் ஒரு படகின் பொருட்டு நம் வீட்டுக் கூடத்தில் மீண்டும் விசாரணைக்கு வந்தது.

மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளராக இருப்பவர்க்கு மாலையில் வீடு திரும்பிய பிறகும் அலுவல் ஓய்வதில்லை. காப்பீட்டுத் தாள், மருத்துவர் குறிப்பு, வங்கிக் கடிதம் என்று ஏதேனும் ஒன்றைக் கையில் ஏந்தி அக்கம்பக்கத்தார் வருவர். அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர், அண்டை வீட்டாரின் உறவினர். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதியைச் சேர்ந்த விசைப்படகுக்காரர். அவ்வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டால் கொச்சி, மங்களூர், கோவா, இரத்தினகிரி என்று மேற்குக் கரையின் துறைமுகங்கள்தோறும் மீனிறக்கி, வாரக்கணக்கில் கடலிலேயே காலம் கழிப்பவர்கள். வேலை தேடி வெளிமாநிலம் வந்த நம்மைப் போன்றவர்களுக்கு ஓர் ஊர் கிடைத்தது. அவர்களுக்கு ஒரு கடற்கரை முழுவதும் கிடைத்தது என்று சொல்லலாம்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அது முடிவதற்குள் படகுக்குப் புதிய ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்கிப் பொருத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். கடையில் இருவகைக் கருவிகளைக் காட்டியிருக்கிறார்கள். ஒன்றில் ஏரியல் கருவிக்குள்ளேயே இருக்கிறது. மற்றொன்றில் காளான் போன்ற வெள்ளைக் குமிழ் ஒன்றும், அதனைக் கருவியோடு இணைக்கும் நீண்ட கேபிளும் தனியே வருகின்றன. விலையும் கூடுதல். இரண்டின் ஆங்கிலக் கையேடுகளையும் நம் முன் வைத்து, "அண்ணே, எது நம்ம படகுக்குச் செரியாகும்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

படித்தோம். வானம் தடையின்றித் தெரியும் இடத்தில் ஏரியலைப் பொருத்துக என்ற ஒரு வாக்கியத்துக்கு மேல் உபயோகமான செய்தி எதுவும் அவற்றில் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நன்கு விளங்கிக்கொண்டால் அவருடைய கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் மிகத் துல்லியமான அணுக்கடிகாரங்கள் உள்ளன. தான் எங்கே இருக்கிறது, தன் கடிகாரத்தில் மணி என்ன என்ற இரண்டு செய்திகளை அது இடைவிடாமல் ஒலிபரப்புகிறது. வானொலி அலை ஒளியின் வேகத்தில் செல்வது. ஆகவே நம்மை வந்தடைய அதற்கு ஒரு விநாடியில் பதினான்கில் ஒரு பங்கு போதும். அலை எவ்வளவு நேரம் பயணம் செய்தது என்பதிலிருந்து அந்தச் செயற்கைக்கோள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் கருவி கணக்கிடுகிறது. ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும் கணக்கு 300 மீட்டர் தவறிவிடும். படகிலுள்ள கருவியின் கடிகாரமோ சாதாரணக் கடிகாரம். அதன் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால் மூன்று செயற்கைக்கோள்கள் போதமாட்டா; குறைந்தது நான்கு வேண்டும். அந்நான்கும் வானத்தின் ஒரே மூலையில் குவிந்திருந்தாலும் பயனில்லை. நாற்றிசையிலும் பரந்திருந்தால்தான் கணக்கு உறுதிப்படும்.

தூத்தூர் நண்பருக்கு இது எளிதில் விளங்கியது. அவருடைய முன்னோர் கணிச்சம் பார்த்துத் தொழில் செய்தவர்கள். கரையிலுள்ள கோயில் கோபுரத்தையோ மாதா கோயில் சிலுவையையோ அதன் பின்னாலுள்ள மலை முகட்டோடு ஒரு நேராகக் கொண்டுவந்து, மற்றொரு திசையிலும் அவ்வாறே இரண்டு அடையாளங்களைச் சேர்த்து, இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கடலடிப் பாறை உண்டென்று அறியும் முறை அது. ஒரே திசையில் இரண்டு கணிச்சம் பார்த்தால் இடம் அகப்படாது என்பது அவ்வூர்ச் சிறுவனுக்கும் தெரியும். ஜி.பி.எஸ்., வானத்தில் பார்க்கும் கணிச்சமே.

இனி ஏரியலின் கதை. செயற்கைக்கோள் அலை நம்மிடம் வந்து சேரும்போது அதன் வலிமை என்ன? ஒரு வாட் மின்சக்தியை நூறு கோடிக் கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கின் அளவே ஆகும். இத்துணை நலிந்த அலை, வெட்டவெளியைக் கடந்து வரும். முகிலையும் மழையையும் கூடப் பெரிதும் பொருட்படுத்தாது. மழை பெய்தால் ஜி.பி.எஸ். நின்றுவிடும் என்று கடற்கரையில் நிலவும் எண்ணத்துக்கு ஆதாரமில்லை. ஆனால் ஓர் இரும்புத் தகட்டைக் கடக்க அதற்குச் சக்தி கிடையாது. தகடு தாள்போல் மெலிந்ததாயினும் அதன் கீழே இருள்தான்.

இதனை நேரில் காட்ட விரும்பி நண்பரை அழைத்துக்கொண்டு வெளியே வந்தோம். கிங்ஸ் சர்க்கிள் மேம்பாலத்தின் அடியில், கான்கிரீட்டும் இரும்பும் தலைக்குமேல் கவிந்திருக்குமிடத்தில் நின்று, கைப்பேசியில் செயற்கைக்கோள்களைக் காட்டும் ஒரு செயலியைத் திறந்தோம். கோள்களின் வலிமையைக் குறிக்கும் கோடுகள் குட்டையாகி, சில மறைந்தே போயின. நம் இடத்தைக் குறிக்கும் புள்ளி, சாலையைக் கடந்து எதிர்ப்புறக் கடைக்குள் போவதும் திரும்புவதுமாக இருந்தது. பிறகு சாலையைக் கடந்து, இப்போது மகேஸ்வரி உத்யான் எனப் பெயர் பெற்றுள்ள வட்டப் பூங்காவின் திறந்தவெளியில் போய் நின்றோம். சிறிது நேரத்தில் கோடுகள் நிமிர்ந்தன, புள்ளி நிலைகொண்டது. கைப்பேசி, அருகிலுள்ள செல்பேசிக் கோபுரங்களின் உதவியையும் பெறுவதால் பாலத்தடியிலும் அது ஒருவாறு சமாளிக்கிறது. நடுக்கடலில் அந்த உதவி கிடையாது.

ஆகவே ஏரியல் உள்ளே இருக்க வேண்டுமா வெளியே இருக்க வேண்டுமா என்ற கேள்வியைச் சற்றே திருத்திக் கேட்க வேண்டும். ஏரியலுக்குமேல் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. மேலே திறந்த வானம் இருக்கும் நாட்டுப்படகுக்கும் வள்ளத்துக்கும் உள்ளடங்கிய ஏரியலே போதும். வேறு செலவு வேண்டாம். கூரையுள்ள படகாயின் கூரை எதனாலானது என்று பார்க்க வேண்டும். ஃபைபர் கூரை இந்த அலையைப் பெரும்பாலும் ஊடுருவ விடும். இன்றைய கருவிகள் முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்டவற்றைக் காட்டிலும் கூர்மையான செவி உடையவை. அவை ஃபைபர் கூரையின் கீழே சுக்கானருகே இருந்தபடியே தம் வேலையைச் செய்துவிடும். உலர்ந்த மரக் கூரையும் பெரும்பாலும் குற்றமில்லை. நீரில் ஊறிய தடித்த மரம் ஓரளவு அலையை விழுங்கும். இரும்பு, அலுமினியத் தகடு வேய்ந்த கூரையாயின் பேச்சே இல்லை; ஏரியல் கூரைக்குமேல் போயாக வேண்டும்.

இங்கே ஏமாந்துபோகத்தக்க இடம் ஒன்றுண்டு. கூரை ஃபைபராகவே இருக்கும். வெயில் தாங்காமல் அதன் உட்புறத்தில் பளபளக்கும் அலுமினியத் தாளை ஒட்டியிருப்பார்கள். அல்லது கூரைமேல் சூரிய மின்தகடு ஒன்றைப் பரப்பியிருப்பார்கள். அல்லது இரும்புக் கம்பி வடச் சுருளையும் தகர டின்களையும் அங்கே அடுக்கியிருப்பார்கள். வாங்கிய நாளில் செம்மையாக ஓடிய கருவி இப்போது தடுமாறுகிறதே என்று கருவியைக் குறை கூறுவார்கள். கருவியில் பழுதிராது, அதன் வானத்தை நாம் மூடிவிட்டிருப்போம்.

இவ்வளவும் கேட்ட நண்பர், "அப்படின்னா வெளியே வைக்கிறதுதான் எப்பவும் நல்லது, இல்லையாண்ணே?" என்று முடிவு கட்டினார். நாமும் முதலில் அவ்வாறே கருதினோம். ஆனால் வெளி ஏரியலுக்கு உரிய குறையொன்று உண்டு, அது பெருங்குறை. ஏரியலுக்கும் கருவிக்குமிடையே கேபிள் இருக்கிறது. கேபிளின் இரு முனைகளிலும் இணைப்பு இருக்கிறது. உப்பு நீர் முதலில் தேடுவது அந்த இணைப்புகளையே.

1995ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி ராயல் மெஜஸ்டி என்ற உல்லாசப் பயணக் கப்பல் பெர்முடாத் தீவிலிருந்து அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்துக்குப் புறப்பட்டது. அதில் 1,509 பேர் இருந்தனர். புறப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஜி.பி.எஸ். ஏரியலிலிருந்து கேபிள் பிரிந்துவிட்டது. அது யாரும் நடமாடக்கூடிய மேல்தளத்தில் திறந்தவாறு கிடந்த கேபிள். செயற்கைக்கோள்களின் தொடர்பை இழந்த கருவி வெறுமனே நின்றுவிடவில்லை. நின்றிருந்தால் நன்றாயிருக்கும். கப்பலின் வேகத்தையும் திசையையும் கொண்டு, இந்நேரம் இங்கே இருக்க வேண்டும் என்று தானே உத்தேசமாகக் கணக்கிட்டு இடத்தைக் காட்டத் தொடங்கியது. உத்தேசக் கணக்கு என்பதைத் தெரிவிக்கத் திரையில் டி.ஆர். என்ற இரண்டு சிறிய எழுத்துகள் தோன்றின. எச்சரிக்கை ஒலி ஒரே ஒரு விநாடி ஒலித்து அடங்கியது. தானியங்கிச் சுக்கான் அந்தப் பொய்யிடத்தையே நம்பிக் கப்பலைச் செலுத்தியது. காற்றும் நீரோட்டமும் கப்பலை மெல்ல மெல்ல ஒருபுறம் தள்ளிக்கொண்டே வந்ததைக் கணக்கு அறியவில்லை. ஏறக்குறைய 34 மணி நேரம் அந்த இரண்டு எழுத்துகளை எவரும் கவனிக்கவில்லை. ஜூன் 10 இரவு, நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே ஒரு மணல் திட்டில் கப்பல் ஏறி நின்றது. அப்போது அது, தான் இருப்பதாக நினைத்த இடத்திலிருந்து 17 மைல் விலகியிருந்தது. நல்வேளையாக எவருக்கும் காயமில்லை.

இரண்டு எழுத்துகளின் பொருளை அறிவதும் அறியாததும் எத்தகைய வேறுபாட்டை விளைவிக்கும் என்பதற்கு, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் அகப்படவில்லை.

உள்ளடங்கிய ஏரியலில் இந்த ஆபத்து அரிது. கேபிள் இல்லை, பிரிவதற்கு இணைப்பும் இல்லை. எனவே கூரை அனுமதிக்குமாயின் உள்ளடங்கியதைத் தேர்ந்தெடுப்பதே நம் அபிப்பிராயம். கூரை அனுமதிக்காதபோது மட்டும் வெளியே செல்ல வேண்டும். செல்லும்போது கேபிளுக்குரிய மரியாதையைச் செய்ய வேண்டும். கால் படாத வழியில் அதனைக் குழாய்க்குள் இட்டுக் கொண்டுவருக. இணைப்பின்மேல் நீர்புகாத ரப்பர் நாடாவைச் சுற்றுக. இணைப்புக்குச் சற்று முன்னால் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு வளைத்துவிட்டால், வழிந்துவரும் நீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், இணைப்பை அடையாது. கேபிள் நீளம் மிஞ்சியது என்று வெட்டி ஒட்டுதல் கூடாது. பெரும்பாலான வெளி ஏரியல்களுக்குள் அலையைப் பெருக்கும் சிறு மின்சுற்று ஒன்று உண்டு. அதற்கு வேண்டிய மின்சாரம் அதே கேபிள் வழியாகத்தான் மேலே செல்கிறது. ஒட்டுப்போட்ட இடத்தில் ஈரம் புகுந்தால் அலையும் குன்றும், மின்சாரமும் தடைப்படும்.

எங்கே பொருத்துவது என்பதில் மற்றொரு பிழை சாதாரணமாக நிகழ்கிறது. வானொலி ஏரியல் உயர உயர நன்று என்ற பழைய அனுபவத்தைக் கொண்டு, ஜி.பி.எஸ். குமிழையும் பாய்மரத்தின் உச்சியில் கட்டிவிடுகிறார்கள். அலை 20,200 கிலோமீட்டரிலிருந்து வருகிறது. எட்டு மீட்டர் ஏறிச் சென்று எதிர்கொள்வதால் அதற்குப் பெருமையில்லை. நமக்கோ நஷ்டமுண்டு. படகு இருபுறமும் 20 பாகை சாய்ந்தாடும்போது, எட்டு மீட்டர் உயரத்திலுள்ள குமிழ் இடம் வலமாக ஐந்து மீட்டருக்கு மேல் ஊசலாடுகிறது. கருவி இதனைப் படகின் ஓட்டமாகவே எடுத்துக்கொள்ளும். நங்கூரமிட்ட படகும் ஓடுவதாகத் தோன்றும். மெதுவாகச் செல்லும் படகின் திசைக்குறி இங்குமங்கும் அலையும். சுக்கான் அறைக் கூரையின் விளிம்புக் கம்பியில், சுற்றிலும் அடிவானம் தெரியுமாறு, ஒரு சாண் உயரத்தில் நிறுத்தினாலே போதும்.

பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். வயர்லெஸ் கம்பியிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமல் விலக்கி வைக்க வேண்டும். ராடார் இருந்தால் அதன் கதிர் சுழலும் மட்டத்துக்கு வெளியே இருத்தல் வேண்டும். 2001இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள மாஸ் லாண்டிங் துறைமுகத்தில் ஜி.பி.எஸ். கருவிகள் செயலிழந்தன. காரணத்தைத் தேடிச் சென்றவர்கள் கண்டது, படகுகளில் பொருத்தியிருந்த, பெருக்கி கொண்ட தொலைக்காட்சி ஏரியல்கள். அவை தம்மை அறியாமல் ஜி.பி.எஸ். அலைவரிசையில் கூச்சலிட்டுக் கொண்டிருந்தன. ஒரு கோடி வாட்டில் ஒரு பங்கு கூடத் தேறாத கூச்சலும், செயற்கைக்கோளின் முணுமுணுப்பை அமுக்கிவிடப் போதுமானது.

இவற்றையெல்லாம் சோதித்தறிய எளிய வழியொன்று உண்டு. கருவியை எங்கே பொருத்த விரும்புகிறோமோ அங்கே, துளையிடுவதற்கு முன், தற்காலிகமாகக் கட்டி வைத்துச் செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளை எரியவிட்டு, வயர்லெஸில் பேசிப் பார்க்க வேண்டும். பேசும் பொத்தானை அழுத்தியதும் கோடுகள் விழுமாயின் அந்த இடம் ஆகாது. கரையில் அரைமணி நேரம் மட்டும் பார்த்துத் திருப்தியடைதலும் ஆகாது. செயற்கைக்கோள்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், காலையில் நன்றாயிருந்த இடம் மாலையில் பாய்மரத்தின் நிழலில் அகப்படலாம்.

கடையில் நாவிக் என்ற சொல்லையும் கேட்டதாக நண்பர் கூறினார். அது நம் நாட்டின் சொந்த வழிகாட்டி முறை. 2013 ஜூலையில் முதல் செயற்கைக்கோளும், 2016 ஏப்ரலில் ஏழாவதும் செலுத்தப்பட்டன. அவற்றின் அலைவரிசைகள் ஜி.பி.எஸ். பொதுவாகப் பயன்படுத்தும் வரிசையிலிருந்து வேறானவை, ஜி.பி.எஸ்.ஸுக்கு ஒத்த வரிசையும் சேர்க்கப்பட்டது 2023 மே மாதம் செலுத்தப்பட்ட என்.வி.எஸ்.-01 முதல்தான். ஆகவே நாவிக் கருவி வாங்குவோர் அதற்கேற்ற ஏரியலையே வாங்க வேண்டும். பழைய குமிழைப் புதிய கருவியில் மாட்டிவிட்டு அது கேட்கவில்லை என்றால் யாரை நோவது?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, ஆழ்கடலிலிருந்த தம் ஊரார் பலரிடம் ஜி.பி.எஸ். இருந்ததை நண்பர் நினைவுகூர்ந்தார். தாம் எங்கே இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கரையிலிருந்தோர்க்கு அதைச் சொல்லத்தான் வழியில்லை. வயர்லெஸின் குரல் அத்தனை தொலைவு எட்டாது. கேரளம், தமிழ்நாட்டைச் சேர்ந்த படகுகள் பல மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்தில் வந்து ஒதுங்கின. அதன் பின் இஸ்ரோ உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியே இருபுறமும் செய்தி அனுப்பவல்ல டிரான்ஸ்பாண்டர் கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம், மும்பைக்கு அருகிலுள்ள பால்கரில் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்டது. அக்கருவிக்கும் மேற்சொன்ன விதியே விதி. வானம் தெரியாத இடத்தில் அதைப் பொருத்தினால், ஆபத்தில் எழுப்பும் குரல் கூரையோடு நின்றுவிடும்.

நண்பரின் படகு மரத்தாலானது. ஆயினும் சுக்கான் அறைக் கூரைமேல் தகடு வேய்ந்திருக்கிறார்கள். வெளி ஏரியல் உள்ள கருவியையே வாங்குமாறு கூறினோம். ஏரியல் உள்ளடங்கிய, கையடக்கமான சிறு கருவி ஒன்றையும் உறையிலிட்டு உடன் வைத்துக்கொள்ளச் சொன்னோம். கேபிள் அற்றுப்போகும் நாளில் அதனைக் கையிலெடுத்துக்கொண்டு தளத்துக்கு வந்து நின்றால் போதும். தலைக்குமேல் வானம் இருக்கிறது. பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தம் வகுத்த எல்லைக்கோட்டருகே தொழில் செய்வோர்க்கும், குஜராத்துக்கு அப்பால் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிச் செல்வோர்க்கும் இந்த இரண்டாவது கருவி ஆடம்பரமன்று. அங்கே ஐந்து மீட்டர் பிழை பொருட்டல்ல. கருவி உண்மையான இடத்தைக் காட்டுகிறதா, உத்தேசமாகச் சொல்கிறதா என்று அறியாமலிருப்பதே சிறைக்கு வழி.

புறப்படும்போது அவர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். படகில் அவரும் மற்றொருவரும் தவிர ஆங்கில எழுத்து அறிந்தவர் இல்லை. இரவில் சுக்கான் பிடிப்பவரோ வேறொருவர். தொடர்பு அறுந்தால் அந்தக் கருவியின் திரையில் என்னென்ன எழுத்துகள் வரும் என்று கையேட்டில் தேடி எடுத்தோம். ஒவ்வொன்றின் வடிவத்தையும் பெரிதாக வரைந்து, அதற்கெதிரே தமிழில் எழுதினோம்: "கருவிக்கு வானம் தெரியவில்லை. இதில் காணும் இடத்தை நம்பாதே. வேகத்தைக் குறை. ஸ்ராங்கை எழுப்பு." கண்ணாடித் தாள் ஒட்டித் திரைக்குப் பக்கத்தில் அதை ஆணியடித்து வைத்திருப்பதாக, இரத்தினகிரியிலிருந்து தொலைபேசியில் பின்னர் தெரிவித்தார்.